கறுப்புப் பேன்ட்டும் பீரோ அளவு ஸ்பீக்கரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

முட்டிவலி எப்படி இருக்கிறது? நான் இளைத்துப்போயிருப்பேன் என்று கவலைப்படாதீர்கள். இளைக்கவில்லை என்பதற்குச் சாட்சி கீழே வருகிறது.

என் பேஸ் கிட்டாருக்கு ஸ்பீக்கர் வாங்கினேன். "சின்னதே போதும்டா, தூக்கப்போறது நீதான்" என்று எங்கள் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். நான் கேட்கவில்லை, பீரோ அளவில் ஒன்றை எடுத்தேன்.

சனிக்கிழமை ஒரு கல்யாண வரவேற்பு. எல்லோரும் கறுப்பில் பளிச்சென்று வர வேண்டும் என்பது பாடகி அக்காவின் உத்தரவு. நீங்கள் தைத்துக் கொடுத்த பேன்ட்டோடு போய், மேடைப் படியில் ஸ்பீக்கரைத் தூக்கினேன். பின்பக்கம் டர்ரென்று கிழிந்தது. பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மணி நேரமும் ஸ்பீக்கரில் முதுகை ஒட்டிவைத்தே வாசித்தேன். கூட்டம் கைதட்டியபோதுகூடக் குனிந்து வணங்கவில்லை. முதுகெலும்பு இன்னும் அதிர்கிறது. முடிந்ததும் அக்கா, "எப்பவும் குதிச்சுக்கிட்டே இருப்பே. இன்னிக்குத்தான் ஆடாம அசையாம கம்பீரமா நின்னே. இனிமே இப்படியே நில்லு" என்றார். சின்ன ஸ்பீக்கராக இருந்திருந்தால் மானம் போயிருக்கும் என்று அண்ணனிடம் மட்டும் சொன்னேன்.

கிழிசலை நானே தைத்தேன். பாக்கெட்டும் சேர்ந்து மூடிக்கொண்டது. அடுத்த பேன்ட்டை இடுப்பில் இரண்டு அங்குலம் கூட்டித் தைத்து அனுப்புங்கள்.

வண்டி வந்துவிட்டது, ஸ்பீக்கரை ஏற்ற வேண்டும். ஊசியில் நூல் கோக்க என்னைத்தானே கூப்பிடுவீர்கள்? இப்போது யாரைக் கூப்பிடுகிறீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகன்