உள்பக்கம் இரண்டு தாழ்ப்பாள்

ஏங்க,

முப்பத்து நான்கு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்றால் அன்புள்ள என்று ஆரம்பித்துப் பெயரை எழுத வேண்டுமாம். பேனா பெயர் வரைக்கும் போய் நின்றுவிட்டது. போகட்டும், நீங்கள் திரும்பிப் பார்ப்பது 'ஏங்க'வுக்குத்தான்.

உங்களோடு வேலை பார்த்த டிரைவர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்கள். உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஒரு விபத்துகூட இல்லாமல் முப்பது வருஷம் ஆபீஸ் வண்டி ஓட்டியவர், அதிகாரி சாப்பிட்ட பிறகுதான் சாப்பிடுவார் என்றெல்லாம் எழுதினால் போதுமாம். அதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவர்களுக்குத் தெரியாத ஒன்றைத்தான் எழுதப் போகிறேன். போட்டால் போடட்டும், போடாவிட்டால் போகட்டும். உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

உங்கள் வண்டியைக் காயலாங்கடைக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கோபப்பட மாட்டீர்கள். "சரி, வுடு மல்லிகா, பழசு தானே" என்பீர்கள். அதனால்தான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. ஒரு வார்த்தை திட்டுகிற ஆளாக இருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு திட்டிவிட்டு நிம்மதியாக இருப்பேன்.

இதைப் படிப்பவர்களுக்காக வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அது இவர் ஆபீசில் ஓட்டிய அதே வெள்ளை வேன். ஓடியது போதும் என்று கழித்து ஏலம் விட்டார்கள். அதே வருஷம் இவரையும் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். இவர் போய் அந்த வேனை ஏலத்தில் எடுத்து, வேங்கிக்காலில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் கொண்டுவந்து நிறுத்தினார். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கப் பலகை அடித்தார். ஒரு அடுப்பு, ஒரு தண்ணீர் டிரம், ஜன்னலுக்கு என் பழைய புடவையில் திரை. "ஊர்ல இருக்கற ஆபீசருங்களை எல்லாம் ஊர் சுத்திக் காட்டிட்டேன். இனிமே எங்க வீட்டம்மாதான் எனக்கு ஆபீசர்" என்று தெருவில் எல்லோரிடமும் சொன்னார்.

முதல் பயணம் கடலுக்கு என்று முடிவு செய்தீர்கள். புதுச்சேரிக் கடற்கரையில் வண்டியை நிறுத்தி, சூரியன் வரும்போது நம் அடுப்பில் நாமே டீ போட்டுக் குடிக்க வேண்டும் என்றீர்கள். எனக்கும் ஆசைதான். நான் ஆசையைக் காட்டிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். புதுப் புடவை கட்டிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தபோது எதிர்வீட்டு அக்கா பார்க்கிறாளா என்று ஓரக்கண்ணால் பார்த்தேன்.

வெளியூர் கிளம்பினால் முதல் நாள் சாயங்காலத்தோடு தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். நான் மட்டுமா? எங்கள் அம்மா, அக்கா, இந்தத் தெருவில் பஸ் ஏறுகிற பொம்பளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். நாக்கு வறண்டாலும் வாயைக் கொப்பளித்துத் துப்புவோமே தவிர விழுங்க மாட்டோம். ஒரு தடவை கல்யாணத்துக்குப் போய்வந்து நீர்க்கடுப்பில் நான்கு நாள் துடித்தேன். டாக்டர் எனக்குச் சொன்ன புத்திமதியை நீங்கள்தான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தீர்கள்.

அன்றைக்கும் தண்ணீர் குடிக்கவில்லை. ஆனால் சர்க்கரை வந்த உடம்பு சொன்ன பேச்சைக் கேட்குமா? கீழ்பென்னாத்தூர் தாண்டும்போதே ஆரம்பித்துவிட்டது. "நிறுத்தணுமா?" என்று கேட்டீர்கள். வேண்டாம் என்றேன். இரண்டு பக்கமும் மல்லாட்டைக் கொல்லை, கடலைச் செடியில் முழங்கால் உயரத்துக்குக்கூட மறைப்பு கிடையாது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் "நிறுத்தணுமா?" என்றீர்கள். "ரோட்டைப் பாத்து ஓட்டுங்க" என்றேன். மூன்றாவது தடவை கேட்டபோது பதிலே சொல்லவில்லை. செஞ்சிக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் நீங்களாகவே நிறுத்தினீர்கள். அங்கே இருந்த கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. நீங்கள் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றீர்கள். லாரிக்காரர்கள் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போய் நின்று, ஒன்றும் ஆகாமல், அப்படியே வெளியே வந்தேன்.

வண்டியில் ஏறி இரண்டு நிமிஷத்தில் புடவை நனைந்துவிட்டது. ஒண்ணுக்குப் போன கதையை மலரில் போடுவார்களா என்று தெரியவில்லை. ஐம்பத்து மூன்று வயதில், கட்டின புருஷன் பக்கத்தில், புதுப் புடவையில்.

நீங்கள் துண்டை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினீர்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது நான் கத்தினேன். "என்னை ரோட்டுல நிறுத்தி அசிங்கப்படுத்தத்தான் இந்த ஓட்டை வண்டிய வாங்கினீங்களா? இனிமே செத்தாலும் இதுல கால வெக்க மாட்டேன்." மூன்று தடவை கேட்டவர் நீங்கள். மூன்று தடவையும் நிறுத்தவிடாதவள் நான். கத்தும்போது அது எனக்குத் தெரியாமல் இல்லை. வெட்கத்தை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் உங்கள் தலையில் கொட்டினேன்.

அதற்குப் பிறகு மத்தியான நேரங்களில் பக்கத்து மனையிலிருந்து டிரில் சத்தம் கேட்டது. கிழவருக்குப் பொழுதுபோகவில்லை என்று நினைத்தேன். ஒருநாள் நாற்காலியில் உட்கார்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தபோது அளவு டேப்போடு வந்து, தரையிலிருந்து என் முழங்கைக்கு அளந்தீர்கள். "ஜாக்கெட் தெக்கப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன். சிரித்துக்கொண்டே போய்விட்டீர்கள்.

"பின்னாடி வந்து ஒரு தடவ பாரேன்" என்று எத்தனை தடவை கூப்பிட்டீர்கள்? பொங்கலுக்கு ஒரு தடவை. நம் கல்யாண நாளுக்கு ஒரு தடவை. கடைசியாக ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. "வீட்டுக்குப் போனதும் வந்து பாரு மல்லிகா, வேலை முடிஞ்சிடுச்சு." நான் என்ன சொன்னேன்? "மொதல்ல உடம்பப் பாருங்க. வண்டியாம் வண்டி." அதுதான் வண்டியைப் பற்றி நாம் பேசிய கடைசிப் பேச்சு.

நீங்கள் போன பிறகு இரண்டு மழைக்காலம் அது மனையிலேயே நின்றது. தரை துருப்பிடித்துக் கால் வைத்தால் உள்ளே போகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. டயர் மண்ணில் புதைந்தது. ஒரு காலையில் அடியிலிருந்து சாரைப்பாம்பு வெளியே வந்து, எதிர்வீட்டு அக்கா போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. நம் சதீஷ் ஓசூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்தான். "அம்மா, அப்பா ஞாபகம்னு வெச்சிருக்க, சரி. பாம்பு வந்திடுச்சு. நாளைக்கு உன்னைக் கடிச்சா அந்த வண்டியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவும்?" என்றான். நியாயமான பேச்சுதான். நான் அந்த வண்டியை ஞாபகத்துக்காக வைத்திருக்கவில்லை என்று அவனிடம் சொல்லவில்லை. சபதத்தால் அதன் பக்கமே போகாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

பௌர்ணமி கிரிவலத்தன்று லாரி ஊருக்குள் வர முடியாது என்று, கூட்டமெல்லாம் கலைந்த பிறகு இரும்புக்கடை பாய் வந்தார். கூட இரண்டு ஆட்கள். முன்பக்கத்திலிருந்த பிள்ளையாரைச் சதீஷ் எடுத்து என் கையில் கொடுத்தான். காய்ந்த எலுமிச்சம்பழக் கயிற்றை அறுத்துப் போட்டான். பின்பக்கம் பலகைத் தடுப்பு, அதில் ஒரு கதவு, வெளியே பூட்டு. எந்தச் சாவி என்று யாருக்கும் தெரியவில்லை. பாய் சுத்தியலால் ஒரு போடு போட்டார்.

கதவு திறந்ததும் அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். "யம்மா, இங்க வாங்க" என்று கூப்பிட்டார். சபதமெல்லாம் மறந்து வண்டியில் கால் வைத்தேன்.

உட்காருகிற மாதிரி ஒரு வெள்ளைக் கக்கூஸ். பக்கத்தில் ஒரு சின்ன வாளி, செம்பு. ஒரு ஆள் தாராளமாகத் திரும்பலாம். சுவரில், எழுந்துகொள்ளும்போது பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பி.

"இந்தக் கம்பி எங்கிட்ட வாங்கினதும்மா" என்றார் பாய். "நான்தான் வளைச்சுக் குடுத்தேன். எங்க வீட்டம்மாவுக்கு முட்டி நோவு, புடிச்சுக்கினு எந்திரிக்கணும், இந்த ஒயரம் வேணும்னு ஒரு சீட்டுல அளவு எழுதிக் கொண்டாந்தாரு. ஆஸ்பத்திரிக்குக் கட்டுறீங்களான்னு கேட்டேன். இல்ல பாய், கடலுக்குப் போறோம்னாரு."

நான் கதவைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. ஒன்று இல்லை, இரண்டு. மேலே ஒன்று, கீழே ஒன்று.

இதுவரை சொன்னது எல்லாம் தெரியாமல் செய்தது. இனிமேல் சொல்வதுதான் தெரிந்து செய்தது.

பாய் நல்ல மனுஷன். "கயட்டிக் குடுத்திடட்டுமாம்மா? இல்ல வண்டியே வேணும்னா சொல்லுங்க, நான் திரும்பிப் போயிடறேன். ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்" என்றார். சதீஷ் என் முகத்தைப் பார்த்தான். காம்பவுண்டு சுவருக்கு மேல் எதிர்வீட்டு அக்கா தலை தெரிந்தது. கூட இன்னும் இரண்டு தலை. "இன்னா மல்லிகா, வண்டிக்குள்ள இன்னா கட்டி வெச்சிருக்காரு?" என்று அக்கா கேட்டாள்.

கக்கூஸ் என்று சொல்ல என்னால் முடியவில்லை. என் புருஷன் எனக்காகக் கட்டினது என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் ஏன் கட்டினார் என்று கேட்பாள், புடவை நனைந்ததைச் சொல்ல வேண்டிவரும் என்று பயம். உங்கள் மேல் கோபமும் வந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வந்து பார், வந்து பார் என்றால் நான் என்ன கண்டேன்? "பழைய சாமான்க்கா" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுப் பாயிடம் திரும்பினேன். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. எங்களுக்குத் தேவையில்ல."

பாய் ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு அந்தக் கதவைத் தானே சாத்திவிட்டு, ஆட்களிடம் சங்கிலி மாட்டச் சொன்னார். டயர் மண்ணைவிட்டு வர மறுத்தது. இரண்டு தடவை இழுத்து, மூன்றாவது தடவை வந்தது. நான் பிள்ளையாரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நிறுத்துங்கள் என்று ஒரு வார்த்தை. தெரு முனை திரும்பும்வரை எனக்கு நேரம் இருந்தது. அதே வாய்தான், அதே வெட்கம்தான். சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஆட்டோ பிடித்துப் பாய் கடைக்குப் போனேன். வண்டியை வெட்டித் தகடு தகடாக அடுக்கிவிட்டார்கள். கம்பி மற்ற இரும்போடு லோடு போய்விட்டது. இழுத்துவந்த ஆட்டத்தில் கக்கூஸ் உடைந்துவிட்டதாம். பலகைக் கதவு மட்டும் சுவரில் சாய்ந்து கிடந்தது, அதை யாரும் எடைக்கு எடுக்க மாட்டார்களாம். பாய் ஒன்றும் கேட்காமல் ஸ்க்ரூடிரைவர் எடுத்து இரண்டு தாழ்ப்பாளையும் கழற்றிக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். ஆட்டோவில் வரும்போது வழியெல்லாம் அழுதேன். ஆட்டோக்காரர் "இன்னாம்மா, ஆஸ்பத்திரிக்கு வுடட்டுமா?" என்று கேட்டார்.

அந்த இரண்டையும் நம் வீட்டுப் பாத்ரூம் கதவில் மாட்டச் சொன்னேன். ஏற்கெனவே இருப்பதோடு இப்போது மூன்று. "உள்ள தங்கமா வெச்சிருக்க?" என்று சதீஷ் போனில் சிரித்தான். பிறகு ஒருநாள் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புடவை உட்பட. "மொதல்லயே சொல்லியிருந்தா வண்டிய அனுப்பியிருக்க மாட்டேம்மா" என்றான். எல்லோருக்கும் இதேதான். மொதல்லயே சொல்லியிருந்தால்.

எதிர்வீட்டு அக்காவிடமும் சொல்லிவிட்டேன். கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கும் ஒரு தடவ விழுப்புரம் பஸ்ல ஆயிருக்குடி" என்றாள். இவ்வளவுதானா? இதற்குப் பயந்தா உங்கள் வண்டியைக் கொடுத்தேன்?

அடுத்த மாதம் தெருப் பெண்கள் சேர்ந்து வேன் பிடித்துப் புதுச்சேரி போகிறோம். செஞ்சி வழியாகத்தான். அக்காதான் என் பெயரையும் சேர்த்தாள். டிரைவர் யாரோ, உங்களை மாதிரிக் கேட்பாரோ மாட்டாரோ. கேட்காவிட்டால் நானே சொல்வேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அன்று காலை ஒரு செம்பு தண்ணீரை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் வண்டி ஏறுவேன். கீழ்பென்னாத்தூர் தாண்டியதும், வேன் முழுக்கக் கேட்கிற மாதிரி, நீங்கள் மூன்று தடவை கேட்டதற்கு அன்று சொல்லாத பதிலைச் சொல்வேன்: ஆமாம், நிறுத்துங்க.

இப்படிக்கு,
உங்கள் வீட்டம்மா
மல்லிகா