மேலாளருக்குத் தனிக் கம்பி

அக்கா,

நேற்று மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது ஒரு டி-பீஸ் உருண்டு விழுந்தது. என் மனைவி அதைத் திருப்பிப் பார்த்து, "குழாய்ச் சாமானா?" என்றாள். ஈதர்நெட் கம்பியில் கணினியைக் கோக்கும் துண்டு என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். உங்கள் மேசைக்கடியிலிருந்து நான் கழற்றியது என்று சொல்லவில்லை. நீங்கள் இறந்து நாற்பது நாள்தான் ஆகிறது.

எண்பதுகளின் கடைசியில், சுங்கை பட்டாணிக்கு வெளியே இருந்த நம் ரப்பர் தொழிற்சாலை சர்வர் வாங்கியது. அதிலிருந்து இரண்டு கம்பிகள், பதினேழு கணினிகள். நெரிசலைச் சமமாகப் பிரிக்கத்தான் இரண்டு. கம்பி இழுக்கும் வேலையிலிருந்த நான் பதவிப்படி பிரித்தேன். மேலாளர், உதவி மேலாளர், பெரிய கிராணி மூவருக்கும் ஒன்று. உங்களையும் சேர்த்து, எழுத்து வேலை பார்த்த பதினான்கு கிராணிகளுக்கு மற்றது. யாரும் உத்தரவிடவில்லை. தோட்டத்தில் துரை பங்களாவுக்குத் தனித் தண்ணீர்க் குழாய், தொழிலாளர் லயத்துக்கெல்லாம் சேர்த்து ஒன்று என்று பார்த்து வளர்ந்த கை, கம்பியையும் அப்படியே இழுத்தது.

ஒரே கம்பியில் இரண்டு கணினிகள் சேர்ந்து பேசினால் இரண்டும் நிறுத்தி, பொறுத்து, மறுபடி தொடங்க வேண்டும். பதினான்கு பேசினால் கேட்கவே வேண்டாம். பாலிங் பக்கத் தோட்டங்களிலிருந்து ரப்பர் பால் லாரிகள் மதியம் வரும். நான்கு மணிக்குள் எடைச்சீட்டுகள் பதிவாக வேண்டும். உங்கள் திரை உறைந்து நிற்கும். மேலாளரின் கம்பி ஓய்வெடுக்கும். ஒருமுறை அவர் பிறந்தநாள் வாழ்த்து ஒன்றை அச்சுக்கு அனுப்பினார். குறை சொல்லக்கூடாது, மிக வேகமாகப் போயிற்று.

"இந்த மாசமும் லேட்டானா பண்டார் பாரு கிளைக்கு மாத்திருவேன்" என்று உங்களிடம்தான் சொன்னார். வீட்டில் பக்கவாதத்தில் கிடந்த உங்கள் கணவருக்கு மருத்துவமும் உறவும் இந்த ஊரில்தான் இருந்தன.

"என்னா தம்பி, ரெண்டு ரோட்டப் போட்டு ஒன்னுல மூணு காடி, இன்னொன்னுல பதினாலு காடி. யாருலா பிளான் போட்டது?"

"நான்தாங்கக்கா."

"ஓ. படிச்சவங்க."

சில கணினிகளை அவர் கம்பிக்கு மாற்றலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். "கிராணிங்க இன்னைக்கு என் லைன்ல வருவாங்க, நாளைக்கு என் ரூம்புக்கே வருவாங்க" என்றார்.

ஒரு மதிய உணவு வேளையில் நீங்கள் கைவிளக்குப் பிடிக்க, நான் தரையில் ஊர்ந்து, உங்களுடையது உட்பட ஐந்து கணினிகளை அவர் கம்பிக்கு மாற்றினேன். மறுநாள் மூன்றரைக்கே பதிவு முடிந்தது. இரண்டு வாரம் அப்படியே நடந்தது. "கண்டிச்சாதான் வேல நடக்குது, பாத்தீங்களா?" என்று மேலாளர் கூட்டத்தில் பெருமைப்பட்டார். நீங்கள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினீர்கள்.

பிறகு ஒரு நாள், தரை துடைத்தவரின் துடைப்பம் உங்கள் மேசைக்கடியில் கம்பியைப் பிடுங்கிவிட்டது. ஓரிடத்தில் அறுந்தால் அந்தக் கம்பியில் உள்ள எல்லாம் நிற்கும். மேலாளரின் கணினியும் நின்றது. அவர் கம்பி போன வழியே நடந்து உங்கள் மேசைக்கு வந்து சேர்ந்தார்.

"யாரு வேல இது?"

கம்பியை வெட்டிக் கோத்த கை என்னுடையது. நான் உங்களுக்கு இரண்டடி தள்ளி நின்றேன்.

"நான்தான் சார். தம்பிக்குத் தெரியாது" என்றீர்கள்.

பண்டார் பாருவுக்கு மாற்றலாகி, உங்கள் கணவரை வேனில் படுக்கவைத்துப் புறப்பட்ட காலையில், "வுடு தம்பி, இப்பதானே கல்யாணமாச்சு ஒனக்கு" என்றீர்கள். நீங்கள் என்னைத் திட்டியிருக்கலாம்.

கம்பியைப் பழையபடி மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். வேலை மறுபடி தாமதமானது. ஆகவே இன்னும் பெரிய சர்வர் வாங்கினார்கள். அதில் நான்கு கம்பிகள். இரண்டை மேலாளருக்குக் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் நெரிசலைப் பிரித்துக் கொடுத்துவிட்டேன். எந்த இயந்திரம் யாருடையது என்று கேட்பதில்லை, எவ்வளவு பேசும் என்று மட்டும் கேட்பேன். அது உங்களால் வந்தது. இந்த டி-பீஸ் வேறொன்றுக்காக என்னிடம் இருக்கிறது. "யாரு வேல இது?" என்று அவர் கேட்டபோது அந்த அறையில் எந்த நெரிசலும் இல்லை, அக்கா. யாரும் குறுக்கே பேசவில்லை. நான் பேசக் கம்பி காலியாகத்தான் இருந்தது.