எதிர்ப்புச் சக்தி மாவை இனி அனுப்பாதே

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் சின்னவளும் நலம், மூக்கைத் தவிர்த்துப் பார்த்தால் நானும் நலம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் நீ வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய், காகிதம் குறுக்கே பேசாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ அனுப்பிய மூன்றாவது டப்பாவும் வந்து சேர்ந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் மாவு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. தயவுசெய்து இனி அனுப்பாதே. கோபமாக எழுதுகிறேன் என்று நினைப்பாய், கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை.

உன்னிடம் மறைத்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் அடுப்புப் பக்கம் இல்லை, பேக்கிங்கில் உட்கார்ந்து உறைக்கு வாய் ஒட்டுகிறேன். இருபத்திரண்டு வருடம் கடிகாரத்தைப் பார்க்காமல் வாசனையை வைத்தே தட்டை இழுக்கச் சொன்னவள் நான். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு வண்டி ரொட்டி என் கண்ணெதிரே கருகியது, அடுப்புக் கதவுக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன், எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. பேக்கிங் பெண் ஓடி வந்து “அக்கா, தீயுதுக்கா, உங்களுக்குத் தெரியலையா” என்று கேட்டபிறகுதான் திரும்பினேன். சூப்பர்வைசர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவர் மெதுவாக “கொஞ்ச நாள் உக்காந்து பாக்கற வேலையா பாருங்க” என்றார், அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மண்டை இடி. அப்பா பதறிப்போய் அவருடைய முட்டிவலி மாத்திரையில் ஒன்றைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் மூச்சு இழுத்துக்கொண்டது, சின்னவள்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். இப்போது ஒன்றுமில்லை, பயப்படாதே.

அங்கே ஒரு பெண் டாக்டர், சின்னவளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், அவள்தான் முதல்முறையாக என்னை முழுதாகப் பேச விட்டுக் கேட்டாள். எட்டு வருட மூக்கடைப்பு, நடுவில் ஒரு ஆபரேஷன், வெட்டி எடுத்த சதை ஒன்றரை வருடத்தில் உரித்த திராட்சை மாதிரி மறுபடி வளர்ந்தது, இப்போது இந்த மாத்திரையால் வந்த இரைப்பு, எல்லாமே ஒரே நோயின் வேலை என்றாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு “உங்களுக்கு எதிர்ப்பு சக்தி குறைச்சல் இல்லம்மா, அது அளவு தெரியாம வேலை செய்யுது. சும்மா தூசி வந்தாக்கூட திருடன் வந்த மாதிரி அடிக்குது, அடி பூரா உங்க மூக்குச் சவ்வு மேலதான் விழுது” என்றாள். வெள்ளை அணுக்களில் ஒரு ரகம் இருக்கவேண்டியதைப் போல மூன்று மடங்கு இருக்கிறதாம். அது மூக்குக்குள்ளும் நெற்றி எலும்பின் பொந்துக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு வீங்க வைக்கிறதாம். அப்படியானால் தெருமுனை டாக்டர் எட்டு வருடமாகச் சளி சளி என்று எழுதிக்கொடுத்த கிருமி மாத்திரையெல்லாம் எதற்கு என்று கேட்டேன், அவள் குனிந்து சீட்டில் எழுதிக்கொண்டே இருந்தாள். ஆள் இல்லாத வீட்டில் எட்டு வருடம் கதவைத் தட்டியிருக்கிறோம். நீ வேறு அந்தச் சக்திக்கு டப்பா டப்பாவாகத் தீனி அனுப்பிக்கொண்டிருந்தாய். உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, யாரைக் குற்றம் சொல்ல.

வீக்கம் வடியப் பத்து நாள் சாப்பிடச் சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தாள். நாலாம் நாள் காலையில் சோப்பு மணத்தது. நான் குளியலறையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்று வேலை இடைவேளையில் அடுப்புப் பக்கம் போய் நின்றேன், ரொட்டி மேல்தோல் சிவக்கும்போது ஒரு வாசனை வருமே, அதற்கு அரை நிமிடம் முன்னால் வருகிற மாவு வாசனைகூடத் தெரிந்தது. இப்போ எடுங்கள் என்றேன், எடுத்தார்கள், சரியாக இருந்தது. மாத்திரை முடிந்து ஒரே வாரம், எல்லாம் போய்விட்டது. அதையே கொடுங்கள் என்று கெஞ்சினேன். “எலும்பு கரையும், சர்க்கரை ஏறும், தொடர்ந்து தர முடியாதும்மா” என்கிறாள். காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்வதற்குக் காட்டாமலே இருந்திருக்கலாம். உப்புத் தண்ணீரால் இரண்டு வேளை மூக்கைக் கழுவுகிறேன், ஸ்பிரே அடிக்கிறேன், இது ஆயுசுக்கும் உண்டாம். அப்பாவிடம் என்ன வாசனை வருகிறது என்று கேட்டால் பாலுக்கும் நல்லா இருக்கு, பழத்துக்கும் நல்லா இருக்கு என்கிறார், மூக்கு இருக்கிறவருக்குச் சொல்லத் தெரியவில்லை, எரிச்சலாக வருகிறது.

பதினாறாம் தேதி மறுபடி ஆபரேஷன். அடைப்பை எடுத்தால்தான் மருந்து உள்ளே போகுமாம், திரும்ப வளராது என்று அவள் சத்தியம் செய்யவில்லை, வளர்ந்தால் ஊசி ஒன்று இருக்கிறது, அதைப் பார்ப்போம் என்றாள். அப்பா வேண்டாம் என்கிறார். நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கத்திக்குப் பயமில்லை. வாசனை திரும்பி வந்தால் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை, அதுதான் பயம்.

லீவு கிடைக்காது என்று தெரியும், வராதே. ஆபரேஷன் முடிந்து நான் பேசும்போது மட்டும் வைத்தியம் சொல்லாமல் கேள். போனில் நீயும் ஒரு மாதமாக மூக்கால்தான் பேசுகிறாய், சளி என்று விட்டுவிடாதே, ரத்தம் கொடுத்துச் சோதித்துப் பார், வலி மாத்திரை எதையும் டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதே. நோய்நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன்.

உன் மேல் கோபமில்லாத,
அம்மா