வரப்பில் நின்றுபோன மணி

கேளம்பாக்கம்
12.11.2006, ஞாயிறு

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் தங்கச்சி ஜெபாவும் இங்கே நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம். கனடா குளிரில் நீயும் ஜெசிந்தாவும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அதேபோல் இருக்க வேண்டும் என்று இன்று காலை ஆராதனையில் பெயர் சொல்லி ஜெபித்தோம். எப்போதும்போல காலண்டர் அட்டையில் வரி வரியாக வெட்டிய சட்டத்தைத் தாளின் மேல் வைத்துத் தடவித்தான் எழுதுகிறேன், வரி மேல் வரி ஏறியிருந்தால் பொறுத்துப் படி. போன வருஷம் மை தீர்ந்த பேனாவால் நாலு பக்கம் எழுதித் தபாலில் போட்டேனே, அதிலிருந்து ஜெபா முதல் வரியை மட்டும் பார்த்து, தெரிதுப்பா, எழுது என்று சொல்லிவிட்டுப் போகிறாள். மற்ற வரிகளை அவள் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், இந்தக் கடிதத்துக்கு அது ரொம்பவும் பொருந்தும்.

எங்கள் இருவருக்கும் விசா வந்துவிட்டது. உன் அம்மா அன்றே பெட்டியைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள். பிள்ளை பெறப்போகிறவளுக்குப் பூண்டு, சுக்கு, நல்லெண்ணெய் என்று நிரப்பி, கோவளத்து நெத்திலிக் கருவாட்டை ஐந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றி நடுவில் ஒளித்திருக்கிறாள். விமான நிலையத்தில் பிடித்தால் அது என்னுடையது என்று நான் சொல்ல வேண்டுமாம், கண் தெரியாத மனுசனை ஒன்றும் செய்ய மாட்டார்களாம். நான் வரவில்லை, நீ மட்டும் போ என்று விசாவுக்கு முன்பே சொல்லியிருந்தேன். அதைக் காதில் வாங்காமல் என் வேட்டிகளையும் மடித்து வைத்துவிட்டாள். நீ என்னைக் கேட்காமல் செய்த காரியத்துக்குப் பிறகு அந்த வேட்டிகளை நான் வெளியே எடுத்துப் போட்டேன்.

அந்தக் காரியத்துக்கு வருகிறேன். கண் தெரியாதவர்களுக்கும் கைகால் முடியாதவர்களுக்கும் பனிச்சறுக்கு சொல்லித்தரும் பள்ளியில் வாரவாரம் சம்பளமில்லாமல் போய் நிற்கிறேன் என்று எழுதினாய். அது ஞாயிற்றுக்கிழமை என்றால் கோயிலுக்கு எப்போது போகிறாய் என்று முதலில் எனக்குத் தெரிய வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. பிப்ரவரி மாதப் பாடத்துக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டேன், மூன்று வாரம், பணம் கட்டத் தேவையில்லை, பயப்படாதே அப்பா என்று எழுதியிருக்கிறாய். பயம் என்று உன்னிடம் யார் சொன்னது. அறுபத்திரண்டு வயதில் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் பள்ளிக்கூடமே போகாதவன். எழுத்துக்கூட்டிப் படித்தது வேதப் புத்தகத்திலும் உப்பளத்து நோட்டீஸ் பலகையிலும்தான்.

இது எப்படியோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது, உன் அம்மா வாய்தான். எதிர்ப் பிளாட்டு வாட்ச்மேன் செல்வராஜ் வந்து, அண்ணாத்த, சறுக்கி வுழறதுக்கு இன்னாத்துக்கு கண்ணு, கண்ணு தெரிஞ்சவனே அங்க வுழுந்துகினு தான் கீறானாம், நீ தெகிரியமா போ என்றான். உன் அம்மா உள்ளே இருந்து, கோணி மூட்ட மேல குந்திகினு இருந்த ஆளு இப்ப மல மேல ஏறி வழுக்கப் போறாராம், வூட்டுல குளிக்கிற ரூமுல வழுக்காம வந்தா போதாதா என்றாள். இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தை ஜெபாவை இரண்டு முறை படிக்கச் சொன்னேன். முதல் நாள் அந்தக் கனத்த பூட்ஸை மாட்டிச் சமதரையில் நடப்பது, பிறகு பக்கவாட்டில் விழப் பழகுவது, எழப் பழகுவது. கண் தெரியாதவர் காலில் சறுக்குக் கட்டையை மாட்டிச் சறுக்கும்போது வழிகாட்டி கிட்டத்திலேயே சறுக்கிக்கொண்டு, இடது, வலது, நேராக என்று குரல் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். குரல் நின்றால் கற்பவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும், அதுதான் முதல் விதி. நான் ஒரு நொடிகூட நிறுத்துவதில்லை, சாயங்காலம் தொண்டை கட்டிவிடுகிறது, மற்ற வழிகாட்டிகள் இவ்வளவு பேச வேண்டாம் என்கிறார்கள், என்னால் நிறுத்த முடியவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தைத்தான் ஜெபாவிடம் மறுபடி கேட்டேன். தொண்டக்கி மருந்து சொல்லப் போறியாப்பா என்றாள். ஆமாம் என்றேன். அது பொய்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். உனக்கு ஏழு வயதில் என் பார்வை போனது. டாக்டர் கண்ணில் பிரஷர் என்றார், நான் உப்பு மேல் அடிக்கிற வெயில் என்றேன், இன்றுவரை அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. (நீயும் அந்த வெள்ளையில் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நிற்காதே.) பார்வை போனபிறகு உப்பளத்துக் கொட்டகையில் உட்கார்ந்து கோணி ஊசியால் உப்பு மூட்டை தைக்கும் வேலை கொடுத்தார்கள். ரோட்டிலிருந்து கொட்டகைக்கு ஓரடி அகல வரப்பு, இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர் நிற்கும் பாத்தி. கையைப் பிடித்துக் கூட்டிப்போக நான் மாடில்லை என்றேன். அதனால் பழைய சைக்கிள் மணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நீ முன்னால் அடித்துக்கொண்டே போவாய், நான் சத்தத்தைப் பிடித்துப் பின்னால் வருவேன். ஐந்து வருஷம் ஒரு நாளும் தவறவில்லை.

உன் பன்னிரண்டாவது வயதில், பங்குனி மாதம், பள்ளிக்குப் போகும் பையன்கள் எதிரே வந்தார்கள். ஒருவன், டேய் ஐஸ் வண்டி வருதுடா, ரெண்டு பால் ஐஸ் குட்ரா என்றான். இன்னொருவன், ஐஸ்காரன் மவனே, பின்னால வர்றது இன்னா, உங்க ஐஸ் டப்பாவா என்றான். மணி நின்றது. நீ உள்ளங்கையால் பொத்தியதை நான் கேட்டேன் ஜோஷ்வா, பொத்தினால் அதற்கும் ஒரு சத்தம் உண்டு. உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் நீ என் மகன் என்று அவர்களுக்கு இன்னும் உறுதியாகும். அதனால் கூப்பிடாமல் ஒரு எட்டு எடுத்து வைத்தேன். பாத்திக்குள் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது, அந்தத் தண்ணீர் புண்ணில் எப்படி எரியும் என்று உனக்குத் தெரியும். ஏறி வந்து வரப்பில் உட்கார்ந்தேன். உங்கள் பள்ளி முதல் விதி என்று சொல்கிறதே, அதை அன்றே நானாகக் கற்றுக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து நீ மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து, மணி கெட்டுப் பூடிச்சிப்பா என்றாய். நான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அடித்துப் பார்க்கவில்லை, அடித்தால் அடிக்கும் என்று எனக்குத் தெரியும். உன் அம்மாவிடம் நானே கால் தவறினேன் என்றேன். மறுநாளிலிருந்து மூங்கில் கழி வாங்கிக்கொண்டேன், உன்னைக் கூப்பிடவில்லை. அப்பாவுக்கு வீறாப்பு என்று நீ நினைத்திருப்பாய். உண்மைதான், வீறாப்புதான். பதினேழு வருஷம் அதை வைத்திருந்தேன். மகன் ஊரான் ஒருவனுக்கு வழிகாட்டுகிறான் என்று கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, கோபம். தொண்டை கட்டுகிறது என்ற வரியைக் கேட்ட பிறகுதான், வரப்பில் உட்கார்ந்திருந்தது நான் மட்டும் இல்லை, நீயும் இத்தனை நாள் அங்கேயே நின்றிருக்கிறாய் என்று புரிந்தது.

இதற்குப் பதிலாக மன்னிப்பு என்று எதுவும் எழுதாதே, படிக்கச் சொல்ல மாட்டேன். போனிலும் பேசாதே, உன் அம்மா ஒட்டுக்கேட்பாள்.

வேட்டிகளைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். பாடத்துக்கும் வருகிறேன். ஆனால் கண் தெரியாதவர் என்று எழுதிய ஆரஞ்சுச் சட்டை போட மாட்டேன், மற்றவர்கள் ஒதுங்கிப் போவதற்காக என்று நீ எழுதியிருக்கிறாய், அதை அங்கே வந்து பேசிக்கொள்ளலாம். வேறு எந்த வழிகாட்டியும் எனக்கு வேண்டாம். குரலும் வேண்டாம், உன் தொண்டைக்கு ஓய்வு கொடு. டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த மணியை நேற்று எடுத்துத் தேங்காய் எண்ணெய் விட்டு அடித்தேன். எதிர்ப் பிளாட்டு வரைக்கும் கேட்டதாம். பதினேழு வருஷம் கழித்தும் அடிக்கிற மணி அந்த ஒரு நாள் காலையில் மட்டும் கெட்டுப்போயிருந்திருக்கிறது. துணியில் சுற்றி, கருவாட்டில் படாமல் தனியாக வைத்திருக்கிறேன்.

ஜெசிந்தாவை மாடிப்படியில் பார்த்து இறங்கச் சொல். சூடாகச் சாப்பிடுங்கள். என் தலைமுறையைக் காத்த தேவன் உங்கள் மூவரையும் காத்து, நாங்கள் வந்து சேரும் நாள்வரை ஒரு குறையும் வைக்காமல் நடத்துவாராக. ஒன்றை மட்டும் நினைவில் வை. அந்தக் குளிரில் இரும்பு விரலில் ஒட்டிக்கொள்ளும் என்கிறாள் ஜெபா, கையுறை போட்டுக்கொண்டு அடி. யாராவது ஐஸ் வண்டியா என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டு அடித்துக்கொண்டே போ. நான் பின்னால் வருவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
ஆ. சாலமோன்