குத்துப்பாட்டுக்குப் போன பல்

என்னங்க,

உங்கள் முட்டிவலி குறைந்ததா? நான் நலம், ஒரு பல்தான் போய்விட்டது. பயப்படாதீர்கள்.

பாட்டுச் செயலிக்குத் தனித்தனிச் சந்தா கட்டுப்படியாகாது என்று, சலவைக்கூடத்தில் என்னுடன் வேலை செய்யும் அறைத்தோழியும் நானும் ஒரே கணக்கில் கேட்கிறோம். ஒருத்தி போட்டால் மற்றவளுக்கு நின்றுவிடும். நேற்று மூன்றாம் முறை நின்றதும் அவள் போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன்.

“பைத்தியமாக்கா உனக்கு? ஒரு பாட்டுக்கா இந்த ஆட்டம்?” என்று இஸ்திரிப் பெட்டியால் வாயில் இடித்தாள். நல்லவேளை, சூடில்லை. நான் அவள் கையைக் கடித்தேன். ரத்தம் வந்தும் விடவில்லை.

எந்தப் பாட்டு தெரியுமா? நீங்கள் சவரம் செய்யும்போது அலறவிடும் குத்துப்பாட்டு. “காது கிழியுது, நிறுத்துங்க” என்று இருபது வருடம் கத்தியவள் நான்தான்.

இனி அந்தக் கணக்கு வேண்டாம். நாளைக் காலை சவரம் செய்யும்போது அதைப் போட்டு, பதிவு செய்து அனுப்புங்கள். கூடவே பாடுவீர்களே, அதை நிறுத்தவேண்டாம்.

கடிபட்ட கைக்குக் கட்டு மாற்ற அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன், நேரமாகிவிட்டது.

உங்கள் மனைவி