தூக்கிவிட ஆள்

தம்பிக்கு,

சின்ன வயதில் நாம் சேர்ந்து ஆடிய ஆன்லைன் விளையாட்டு மறுபடி வந்திருக்கிறது, ஆடலாமா என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் பேசாதவனுக்கு நல்ல ஞாபகம்தான்.

அதில் விழுந்தவன் தானாக எழ முடியாது. கூட்டாளி சண்டையை விட்டு வந்து தூக்கிவிட வேண்டும். தூக்கி முடிக்கும்வரை விழுகிற அடியெல்லாம் தூக்குகிறவனுக்குத்தான். நீ கண்மண் தெரியாமல் உள்ளே ஓடி விழுவாய். "அண்ணா, தூக்கு, தூக்கு!" என்று கத்துவாய். கோட்டையைப் பிடித்ததும் பரிசு வாளை நீயே எடுத்துக்கொள்வாய். கேட்டால், "தூக்கிவிடுறவனுக்கு எதுக்குடா வாள்?" என்பாய். அண்ணனுக்கு அப்போது மட்டும் 'டா'.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த வலது பக்கம் இன்னும் அசையவில்லை. பகலில் வந்த நர்ஸும் நின்றுவிட்டார். நேற்றுக் குளியலறையில் அப்பாவைத் தனியாகத் தூக்கப்போய், இரண்டு பேரும் ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டோம். அப்பா சிரித்தார். பிறகு, "சின்னவன் வருவானாடா?" என்று குழறினார். நான் குழாயை மூடினேன்.

விளையாட எனக்கு நேரமில்லை. உன்னோடு பேசவும் விருப்பமில்லை. ஆனால் அவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். வந்து கால் பக்கம் பிடி. பேச வேண்டாம்.

உன் அண்ணன்