எதிரிகள் ஏற்றிய அடுப்பு

1978, ஆவணி 12, இரவு

அதிர்ச்சி இன்னும் இறங்கவில்லை. நாளை என் மகளுக்குக் கல்யாணம். மத்தியானம் சமையல்காரர் கோவிந்தன் காய்ச்சலில் விழுந்துவிட்டார். எனக்குக் கைகால் ஓடவில்லை. சாயங்காலம் அவருடைய பரம எதிரி, தருமபுரத்துச் சமையல்காரர் சாம்பசிவம், தன் ஆட்களோடு வந்து கோவிந்தனின் அண்டாக்களையே அடுப்பில் ஏற்றினார். பந்தியைக் கெடுத்துப் பழிவாங்க வந்திருக்கிறார் என்றே நினைத்தேன்.

"நீங்க எப்படிங்க இங்க?"

"அவன் படுத்தா நான் வருவேன், நான் படுத்தா அவன் வருவான். சண்டையெல்லாம் ஆர்டர் பிடிக்கிற வரைக்குந்தாங்க."

"அப்ப நான் அவரைப் பத்தி உங்ககிட்ட சொன்னது?"

"அன்னிக்கே அவன்கிட்ட சொல்லிட்டேன். என் சாம்பார் கழனித்தண்ணின்னு நீங்க அவன்கிட்ட சொன்னதும் என் காதுக்கு வந்துடுச்சு. ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்."

கூலியைக் குறைக்க இருவரையும் மூட்டிவிட்ட கெட்டிக்காரன் நான்! இவர்கள் இருவருக்கும் ஆகாது என்று ஊர் சொன்னதை நம்பியல்லவா மூட்டினேன்? அந்தப் பகையை நிஜமென்று நம்பியவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது.

நாளைக்குப் பந்தி பந்தியாகக் கைகூப்பி நிற்க வேண்டும். சாம்பசிவத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பேன்? கொல்லையில் வெங்காயம் உரிக்கிறவர்கள் இன்னும் சிரிக்கிறார்கள். அதில் ஒரு குரல் என் மனைவியுடையது.